பச்சைத் தாளும் முனியாண்டி சத்தியமும்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு நீ ஒரு பாடம் நடத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, கையில இல்லாத ஷேர விக்கிறதுக்குப் பேருதான் ஷார்ட் செல்லிங். வில எறங்குனதும் வாங்கிக் குடுத்துட்டு நடுவுல உள்ளத எடுத்துக்குவாங்க. உங்களுக்கு எப்படிச் சொன்னா புரியும்..." என்று தலையைச் சொறிந்தாய். நான் உன் தட்டில் ரசம் ஊற்றினேன். உங்கப்பா என்னைப் பார்த்தார், நான் அவரை முறைத்தேன், அவர் முருங்கைக்காயைச் சப்ப ஆரம்பித்துவிட்டார். டேய், எனக்குப் புரியாதா அது? உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு படித்த பாடமடா எனக்கு! அன்றைக்கே சொல்லியிருப்பேன். நேரில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன், மீதிப் பாதியில் அழுதுவிடுவேன், உனக்கு ஒன்றும் விளங்காது. நாளைக்கு நீ கோலாலம்பூருக்குப் பஸ் ஏறுகிறாய். திங்கட்கிழமை பங்குத் தரகு ஆபீஸில் வேலை. நீ முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கும் இந்த நேரத்தில் சமையலைக்கூட அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். உன் கல்லூரிக்கு முதல் கட்டணம் உங்கப்பாவின் சேமநிதிப் பணம் என்று மூன்று வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாய். உன் சிநேகிதர்களிடம் "எங்கப்பா சேமிச்சு வெச்சுப் படிக்க வெச்சாரு" என்று நீ பெருமையாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். பாவம், அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அது அந்தப் பணம் இல்லை. கோலாலம்பூரில் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு இல்லாத பங்கை விற்ற பெரிய மனிதர்களைக் குருபோங் கையுறைத் தொழிற்சாலையின் பெண்கள் கழுத்தைப் பிடித்து நெருக்கியதில் வந்த பணம். அதில் உன் அம்மாவும் ஒருத்தி. சும்மா ஒருத்தி இல்லை, முன்னால் நின்ற ஒருத்தி.

தொண்ணூற்று மூன்றில் ஊருக்கே ஷேர் பைத்தியம் பிடித்திருந்தது. டாக்சிக்காரர் ஷேர் பேசினார், மீன் விற்கிற அங்கிள் செதில் உரித்துக்கொண்டே ஷேர் பேசினார், எங்கள் தமான் வீடுகள் முழுக்க டி.வி.யில் படம் பார்ப்பதை விட்டுவிட்டு எழுத்தாக ஓடும் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் தொழிற்சாலை முதலாளி கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார். வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு இளஞ்சிவப்பு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். பங்கு ஒன்றின் விலை இரண்டு வெள்ளி. ஆயிரம் பங்கு ஒரு லாட். நான் கூட்டுச் சீட்டை எடுத்தேன், ஒரு ஜோடி வளையலை அடகு வைத்தேன், இரண்டு லாட் வாங்கினேன். என்னோடு பேக்கிங்கில் நின்ற செல்லம்மா மூன்று லாட் வாங்கினாள். உனக்குச் செல்லம்மா சித்தியைத் தெரியும். பழைய எஸ்டேட்டில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். எஸ்டேட்டை விற்றதும் நாங்களும் அவர்களும் ஒரே மாதத்தில் பாயா ரும்புட்டுக்கு வந்தோம். அவள் மகள் கலாவுக்கு நர்ஸ் படிப்பு என்றால் உயிர். அதற்காகத்தான் அந்த மூன்று லாட். எனக்கு உன் கல்லூரி. இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டில் அதைத்தான் பேசுவோம்.

பங்கு என்றால் அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிற எண் இல்லை. கெட்டிக் காகிதம், பச்சை நிறம், ஓரமெல்லாம் பூ வேலை, நடுவில் என் பெயர். விற்கிறவன் அந்தத் தாளைக் கொண்டுபோய் நீட்டினால்தான் விற்றது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், இதில்தான் எல்லாமே இருக்கிறது. பங்குச் சந்தைப் பட்டியலில் ஏறிய முதல் வாரம் நான்கு வெள்ளிக்குப் போனது. செல்லம்மாவும் நானும் கேண்டீனில் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொண்டாடினோம். இரண்டு வாரம் கழித்து ஒரு புரளி கிளம்பியது. அமெரிக்காவில் ஏதோ ஆஸ்பத்திரி எங்கள் கையுறையில் ஓட்டை என்று கப்பலோடு திருப்பி அனுப்பிவிட்டதாம், தொழிற்சாலையை மூடப் போகிறார்களாம். விலை சரசரவென்று இறங்கியது. மூன்று, இரண்டரை, இரண்டு வெள்ளி இருபது காசு.

ஆனால் டேய், யோசித்துப் பார். ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? காற்று ஊதிப் பார்க்கிற எங்களுக்குத் தெரியும்! மூன்று ஷிப்ட் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம், பெட்டி கட்டிக் கட்டி என் தோள்பட்டை இறங்கிவிட்டது. உங்கப்பா வாரத்துக்கு நான்கு நடை கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய் வருகிறார். திரும்பி வந்த ஒரு பெட்டியை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எங்கள் சூப்பர்வைசர் ராஜம்மா அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எவன்டா சொன்னான் மூடப் போவுதுன்னு? எனக்கு மூத்திரம் பேயக்கூட நேரமில்லாம ஓடுது, மூடப் போவுதாம்!" என்று கத்தினாள். மலாய்க்கார அக்காமார்கூடப் புரிந்துகொண்டு சிரித்தார்கள். பொய்யென்று தெரிந்துவிட்டது. எதற்காக அந்தப் பொய் என்பதுதான் தெரியவில்லை.

அதைச் சொல்லிக் கொடுத்தவன் ஆ கியோங். மலாக்கா டவுனில் ஒரு தரகு ஆபீஸுக்காக ஓடியாடி வேலை செய்கிறவன், சின்ன வயதில் எஸ்டேட் கடை வைத்திருந்த சீனக் குடும்பம், தமிழ் நன்றாகவே பேசுவான். ஒருநாள் ஷிப்ட் முடிகிற நேரம் கேட்டில் நின்றான். "அக்கா, ஒங்க பச்சத் தாள ஒரு வாரத்துக்குக் குடுங்க லா. பிஞ்சம் சாஜா. ஒரு லாட்டுக்கு நூறு வெள்ளி தாரேன். ஒரு வாரத்துல தாளு திரும்பி வந்துரும்." இரவலாம்! வீட்டில் இருக்கிற தாளை ஒரு வாரம் இரவல் கொடுத்தால் நூறு வெள்ளி! செல்லம்மாவுக்குக் கண் விரிந்துவிட்டது. எனக்கு மட்டும் என்னமோ இடித்தது. மூடப் போகிற கம்பெனியின் தாளை எந்த மடையன் காசு கொடுத்து இரவல் கேட்பான்? "எதுக்கு ஆ கியோங்?" என்றேன். மழுப்பினான். "எதுக்குன்னு சொல்லு, யோசிக்கிறேன்" என்று அவன் மோட்டார் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டான். "பெரிய ஆளுங்க லா அக்கா. இல்லாத ஷேர வித்துட்டாங்க. இன்னும் வில எறங்கும், அப்ப வாங்கித் தாள் குடுத்துக்கலாம்னு நெனச்சாங்க. இப்ப தாள் கெடைக்க மாட்டேங்குது. குடுக்கலன்னா சந்தையே என்னா வெலைன்னாலும் வாங்கிக் குடுத்துட்டு, பில்ல அவங்க தலையில போட்டுரும்."

அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை. மறுநாள் கேண்டீனில் நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன். உன்னைவிட நன்றாகவே விளக்கினேன் என்று வைத்துக்கொள். "முனியாண்டி பூசைக்கு ஒருத்தன் ஊர் முழுக்க ஆட்டுக்குக் காச வாங்கிட்டான். அவங்கிட்ட ஆடு இல்ல. பூச நெருங்கினா ஆட்டு வெல எறங்கும்னு அவனே பொரளிய வேற கெளப்பி விட்டுருக்கான். இப்பப் பூசைக்கு மூணு நாளுதான் இருக்கு. ஊருல உள்ள ஆடெல்லாம் நம்ம கொட்டாயில நிக்கிது. நாம விக்க மாட்டோம்னு உக்காந்துட்டா அவன் என்னா செய்வான்?" ராஜம்மா அக்கா மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "நாம சொல்றதுதான் வெல!" அந்தக் கேண்டீன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முதலாளியின் பங்கைச் சட்டப்படி கொஞ்ச காலத்துக்கு விற்கவே முடியாது. வெளியில் சுற்றுகிற பங்கே கொஞ்சம்தான், அதில் ஒரு பெரிய பகுதி எங்கள் அரிசி டின்னுக்கு அடியிலும் புடவை மடிப்பிலும் கிடந்தது.

ஆனால் ஒருத்தி விற்றால் எல்லாம் போயிற்று. அதனால் சத்தியம் செய்வது என்று முடிவானது. தொழிற்சாலை வேலிக்குப் பின்னால் முனியாண்டி இருக்கிறாரே, அங்கே தமிழர் முப்பத்தொரு பேர் கூடினோம். மலாய்க்கார அக்காமார் நாலைந்து பேர் தூரத்தில் நின்று 'ஜாஞ்ஜி' என்று கை கொடுத்தார்கள், அவர்களுக்கு அதுதான் சத்தியம். நாங்கள் சூடம் கொளுத்தி ஒவ்வொருத்தராக உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். "ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் விக்க மாட்டோம்" என்பதோடு ராஜம்மா அக்கா நிறுத்தப் பார்த்தாள். உன் அம்மா சும்மா இருப்பாளா? எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே! "அது பத்தாதுக்கா. விக்கிற அன்னைக்கும் முப்பத்தொரு பேரும் இதே எடத்துல வந்து நிக்கணும். ஒருத்தர் கொறையாம சூடம் ஏத்தி, சாமி உத்தரவு வாங்கிட்டுத்தான் விக்கணும்" என்று சேர்த்துவிட்டேன். எல்லோரும் "ஆமா, அதான் சரி" என்றார்கள். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த பத்து நாள் இருக்கிறதே ராசா, என் வாழ்நாளில் அப்படி ஒரு பத்து நாள் திரும்ப வராது. இரண்டரை, மூன்று வெள்ளி எண்பது, ஐந்து! ஓய்வு நேரத்தில் பொதுத் தொலைபேசிக்கு முன்னால் வரிசை. ஒருத்தி தரகு ஆபீஸுக்குப் போன் போட்டு விலை கேட்டுக் கத்துவாள், அது வரிசையாகப் பேக்கிங் வரை வந்து சேரும். "ஆறு! ஆறு பத்து!" கையுறை ஊதிக்கொண்டிருந்தவள் சந்தோஷத்தில் ஊதி ஊதி வெடிக்க வைத்தாள். ஆ கியோங் தினமும் வந்தான். இரவல் பேச்சை விட்டுவிட்டான், விலைக்கே கேட்டான். "அக்கா, தோலோங் லா, ஒதவி பண்ணுங்க, ஒரு லாட்டாச்சும் குடுங்க." அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய காரில் இரண்டு பேர் வந்து கேட்டிலேயே எல்லோருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது என்றோம், ஒரு தாள் கொடுக்கவில்லை! எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டிய கித்தா மரத்தடியில் நின்று எத்தனை பேரிடம் ஐயா, துரை என்று சொல்லியிருப்போம். அவர்கள் எங்களை "மேடம்" என்று கூப்பிட்டார்கள். அந்தச் சுகத்துக்கே இன்னும் பத்து நாள் தாளைப் பிடித்திருக்கலாம் போல இருந்தது. ஷேர் ஒன்பது வெள்ளியைத் தொட்ட அன்று, ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் முனியாண்டியிடம் கூடி உத்தரவு வாங்கித் திங்கட்கிழமை விற்பது என்று ராஜம்மா அக்கா சொன்னாள். உன் கல்லூரி முதல் கட்டணத்துக்கும் திங்கட்கிழமைதான் கடைசி நாள். எல்லாம் கணக்காக வந்து விழுந்ததாக நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் செல்லம்மாவின் மாமியார் இறந்துபோனார்.

நல்ல சாவு, எண்பது வயது. நாங்கள் எல்லோரும் போய் மாலை போட்டோம், அழுதோம். அழுதுகொண்டே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். முப்பது பேர் மனதிலும் ஒன்றுதான். தீட்டு. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடியும்வரை செல்லம்மா சாமி இருக்கிற இடத்துக்கு வர முடியாது. ஒருத்தர் குறையாமல் நிற்க வேண்டும் என்று சூடம் அடித்தாயிற்று. பதினாறு நாள் இந்த விலை நிற்குமா? பிணத்தைச் சுற்றி நின்றுகொண்டு இதை நினைத்தோமே என்று இப்போதும் கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை முனியாண்டியிடம் போகாமல் ராஜம்மா அக்கா வீட்டில் கூடினோம், ஒரே சண்டை. "அவள விட்டுட்டு செய்வோம்" என்றாள் ஒருத்தி. "அப்படின்னா ஒருத்தர் கொறையாமன்னு எவ சொன்னா?" என்று இன்னொருத்தி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "முனியாண்டி கிட்ட வெளையாடாதீங்க" என்று ராஜம்மா அக்கா சொன்னதும் கூட்டம் அமுங்கிவிட்டது. பதினாறு நாள் பொறுப்பது என்று முடிவு. நானும் தலையை ஆட்டினேன்.

தலைதான் ஆட்டினேன். திங்கட்கிழமை காலையில் உடல்நலமில்லை என்று வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். நீ அன்றைக்கு உன் மாமா வீட்டில் தங்கா பத்துவில் இருந்தாய். உங்கப்பா துறைமுகத்துக்குக் கிளம்பும்போது, "கை சுட்டது இன்னும் ஆறல, யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தாள் இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்தேன். புடவையை மாற்றிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டுகிற சத்தம். "பெரியம்மா! பெரியம்மா, நான் கலா!" எனக்கு உயிரே போய்விட்டது. செல்லம்மா ஆள் அனுப்பிவிட்டாள், நான் விற்கப் போவது தெரிந்துவிட்டது, சத்தியத்தை ஞாபகப்படுத்தத்தான் அந்தப் பிள்ளையை அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைச் சுவரோடு ஒட்டி நின்றேன். "பெரியம்மா, நான் உள்ள வரல, தீட்டு. ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்." நாலைந்து தரம் தட்டினாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். நான் நூறு எண்ணிவிட்டுப் பின்பக்கமாகப் போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன்.

டவுனில் அந்த ஆபீஸ் மாடியில் இருந்தது. ஆ கியோங் என்னைப் பார்த்ததும் நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். என் தாள் இரண்டும் ஒன்பது வெள்ளி இருபது காசுக்குப் போயிற்று. டேய், பதினெட்டாயிரத்து நானூறு வெள்ளி! அவன் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினான், எனக்குக் காதில் நாதஸ்வரமே கேட்டது. உன்னைக் கல்லூரி வாசலில் வெள்ளைச் சட்டையோடு பார்த்துவிட்டேன் அந்த நிமிடம். பணம் கைக்கு வர சில நாள் ஆகும், அதனால் ராஜம்மா அக்காவிடமே கைமாற்று வாங்கிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம், உண்மையைச் சொல்லாமல் ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படியிறங்கினேன். பாதிப் படியில் ஒரு பெண் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏறி வருகிறாள். வெயிலும் இல்லை மழையும் இல்லை, மாடிப்படியில் எதற்குக் குடை? குடையை விலக்கினேன். ராஜம்மா அக்கா! கையில் பச்சைத் தாள்! இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். "என்னாக்கா, முனியாண்டி கிட்ட வெளையாடக் கூடாதுன்னீங்க?" என்றேன். "ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்க?" என்றாள். பிறகு சிரித்தோம் பார், படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அதற்குள் கீழே இன்னும் இரண்டு பேர். மதியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் காய்ச்சல்காரிகள்! ராஜம்மா அக்கா கொடுத்த கைமாற்றில் அன்றைக்கே உன் கட்டணத்தையும் கட்டிவிட்டேன்.

சிரித்து முடிப்பதற்குள் விலை திரும்பிவிட்டது. தாள் கிடைத்துவிட்டதல்லவா, கடன் பட்டவர்களுக்கு இனி என்ன அவசரம்? எட்டு, ஏழு, மதியத்துக்குப் பிறகு ஐந்தரை. மறுநாள் வாங்க ஆளே இல்லை. அந்த வாரக் கடைசியில் மூன்றுக்கும் கீழே. உங்கள் புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. அவர்களை நெருக்கியதும் நாங்கள்தான், பிடியை விட்டதும் நாங்கள்தான். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. முதலில் பிடியை விட்டவள் நான். மலாய்க்கார அக்காமார் ஐந்தரைக்கு விற்றார்கள், அவர்களுக்கு நாங்கள் யாரும் ஆள் அனுப்பவில்லை. அதற்காக அவர்கள் இரண்டு மாதம் எங்கள் மேசையில் உட்காரவில்லை, சரிதான் என்று விட்டுவிட்டோம்.

கருமக்கிரியை முடிந்து செல்லம்மா வேலைக்கு வந்த அன்று நான் பயந்துகொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அக்கா, அன்னைக்குத் திங்கக்கெழம எங்க போயிருந்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். "கலாவ ஒங்க வீட்டுக்கு அனுப்புனேன். நான் தீட்டுக்காரி, கோயிலுக்கு வர முடியாது, எம் பங்குக்கு நான் சத்தியத்த விட்டுட்டேன், சாமி கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க முப்பது பேரும் போயி சூடம் ஏத்தி வித்துருங்கன்னு சொல்லச் சொன்னேன். என்னோட தாளு மூணும் கையெழுத்துப் போட்டுக் குடுத்து விட்டேன், ஒங்களோட சேத்து என்னதையும் வித்துருங்கன்னு. அவ தட்டித் தட்டிப் பாத்துட்டு வந்துட்டா." என்ன சொன்னேன் தெரியுமா? "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் லா செல்லம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்கு ஒரு துண்டு மீனை எடுத்து வைத்தாள். அந்த மூன்று லாட்டையும் கடைசியில் இரண்டே முக்காலுக்கு விற்றாள். அதில் பாதி கருமக்கிரியைக் கடனுக்குப் போனது. கலா நர்ஸ் படிப்புக்குப் போகவில்லை, எங்கள் லைனுக்கே கையுறை ஊதிப் பார்க்க வந்து சேர்ந்தாள். மூன்று வருடமாக எனக்கு இரண்டு மேசை தள்ளி நின்று ஊதுகிறாள்.

நான் திறந்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காதடா. சத்தியமும் நின்றிருக்கும், விலையும் நின்றிருக்கும், முப்பத்தொரு பேரும் நேராக நடந்துபோய் விற்றிருப்போம், உன் கட்டணமும் கட்டியிருப்போம், கலாவும் வெள்ளை உடுப்புப் போட்டிருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் எனக்கு நல்லது செய்யத்தான் வந்து நின்றார்கள். நான் திருட்டுத்தனம் செய்யப் போனதால் வந்தவளும் என்னைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நீ போகிற இடத்தில் திரையில் எண் ஏறும், இறங்கும், உனக்கும் என்னைப் போலக் கால் தரையில் நிற்காது. நிற்க வேண்டாம், நன்றாகக் குதி, அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உன்னோடு சேர்ந்து பிடித்தவர்களிடம் சொல்லிவிட்டு விற்பதற்கு மட்டும் ஒரு போன் போதும். அதைச் செய்.

நேற்று மாலை செல்லம்மா வீட்டுக்குப் போனேன். நீ இந்த வேலைக்குப் போவதாலோ என்னவோ, இனிமேல் அடக்கி வைக்க முடியவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "செல்லம்மா, அன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. உள்ளதான் இருந்தேன். கலா தட்டுனது கேட்டுச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையை முடித்து, அடுக்கி வைத்துவிட்டு, "தெரியும் லா அக்கா" என்றாள். "ஒங்க செருப்பு வாசல்லதான் கெடந்துச்சாம். கலா அன்னைக்கே சொல்லிட்டா."

மூன்று வருடம், ராசா. மூன்று வருடமும் தினமும் என் தட்டில் மீன் வைத்தவள். "அப்புறம் ஏன் எங்கூடப் பேசுன?" என்று அழுதுகொண்டே கேட்டேன். "ஒங்களுக்கும் பிள்ள படிக்கணுமில்ல" என்றாள். அடுத்த சட்டையை எடுத்து உதறி, "எனக்குக் கோவந்தான். கலாவுக்கு இன்னும் ஜாஸ்தி" என்றாள். பிறகு எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள்.

கலா நேற்று வீட்டில் இல்லை, இரண்டாம் ஷிப்ட். அவளுக்கு முன்னால் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குக் காலையில் அவள் வீட்டில் இருப்பாள். உன்னைப் பசியாற வரச் சொல்லியிருக்கிறார்கள், தோசை ஊற்றுகிறாளாம் செல்லம்மா. உன் பஸ் பத்து மணிக்குத்தான். நானும் உன்னோடு வருகிறேன். யாருடைய படிப்பு போய் நீ படித்தாய் என்று நீ பக்கத்தில் இருக்கும்போதே அந்தப் பிள்ளையிடம் சொல்லப் போகிறேன். அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும். நீ பாதியில் எழுந்து போய்விடாதே.

உன் அம்மா